மைல்கல்லில் இறங்கி நடந்தவர்கள்

என் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து மூன்றாவது முறையும் படித்தேன். காங்கிரீட் ரோடு நாகர்கோவிலைத் தாண்டிவிட்டது, அடுத்த மாதம் நம் ஊருக்கு வந்துவிடும், குளத்தங்கரை வளைவை நேராக்கும்போது அந்தப் பழைய மைல்கல்லைப் பிடுங்கியாக வேண்டும், ஓவர்சீயர் என்ற முறையில் நின்று நடத்தப்போவது நீதான் என்று எழுதியிருக்கிறாய். சபையிலிருந்து டீக்கன்மார் உன் கூடாரத்துக்கே வந்து, கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிடும்படி கேட்டதாகவும், முடியாது என்று சொல்லி அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கார்டில் பதில் போட்டிருப்பேன். ஆனால் கடைசியில், "அப்பாவைக் கொன்ற கல் அது, கூலிக்காரர்களிடம் விடமாட்டேன், நானே கடப்பாரை பிடிப்பேன்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய்.

அப்பாவின் அடக்கத்தன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நீ அடுக்களை வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டாய்: "நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. பின்ன ஏம்மா நடக்க விட்ட?" யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நீ அதற்குப் பிறகு கேட்கவுமில்லை. உனக்குத் தை மாதம் கல்யாணம். ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து குடித்தனம் தொடங்கப்போகிறாய். அதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நேரில் என்னால் சொல்ல முடியாது. உனக்கே தெரியும், எனக்கு வாயால் சொல்ல வருவதைவிட எழுத வருவது கொஞ்சம் அதிகம்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். நீ பிறந்ததிலிருந்து பார்த்த கல்தான், ஆனால் அதன் கதையை யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரோடு போட்ட காலத்தில் திருவிதாங்கூர் சர்க்காரின் மராமத்து ஆட்கள் நட்டது அது. ஒரு பக்கம் இங்கிலீஷ் எண், மறுபக்கம் தமிழ் எண். வேறொன்றும் கிடையாது. ஒரு ராணி அங்கே பல்லக்கை இறக்கி இளைப்பாறினாள் என்று ஊரில் சொல்வார்கள். ராணிகள் இளைப்பாறாத கல்லே இந்த ராஜ்யத்தில் இல்லை என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. நம் சபையார் சொல்லும் கதை வேறு. கோயிலைக் கட்டிய வெள்ளைக்கார மிஷனரி ஐயர், ஓய்வுநாளில் மாட்டுக்கும் வேலை கூடாது என்று வேதத்தில் இருப்பதைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை யாரும் வண்டியில் ஆராதனைக்கு வரக் கூடாது என்றாராம். தூரத்திலிருந்து வருகிறவர்கள், வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் எப்படி வருவார்கள் என்று ஜனங்கள் அழுதார்களாம். சரி, மைல்கல் வரை வரலாம், அங்கே மாட்டை அவிழ்த்துவிட்டு மிச்சத் தூரத்தை எல்லோரும் நடக்க வேண்டும் என்று அவர் இறங்கிவந்தாராம். கல்லிலிருந்து கோயில் வாசலுக்கு அரை நாழிகை நடை. அன்று தொடங்கியது. நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தபோது அந்த ஐயர் இறந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஞாயிறு காலையில் அந்தக் கல்லடியில் நுகத்தை இறக்கிய வண்டிகள் வரிசையாக நிற்கும். மாடுகள் குளக்கரையில் மேயும். வெள்ளை உடுத்த ஜனம் குடையும் வேதப்புத்தகமுமாக நடந்துபோகும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் சென்னையில் தங்கி பி.ஏ. படித்தவள். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிற பழக்கம் அங்கே பிடித்தது, விடவில்லை. ஒரு மாடு கல்லுக்கு அந்தப் பக்கம் நாலு மைல் இழுத்துவிட்டு இந்தப் பக்கம் அரை மைல் இழுக்காமல் இருந்தால் ஓய்வுநாள் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்டதில்லை. புது மருமகள்.

பிறகு பஸ் வந்தது. அப்போது நீ சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பஸ் ஏறுவதற்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பாய். கோட்டாற்றுக்காரர் மீரான்தான் டிரைவர். பஸ்ஸில் வருகிற சபையார் கல்லடியில் இறங்க வேண்டுமா, கோயில் வாசல் வரை போகலாமா என்று டீக்கன்மார் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஞானமுத்து டீக்கன் சொன்னதுதான் நின்றது: வண்டி என்றால் வண்டிதான், கல்லடியில் இறங்க வேண்டும். அதை மீரானிடம் சொல்லப் போனபோது நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றிருந்தோம்.

"அண்ணாச்சி, இது மாடு இல்லியே. பெட்ரோலாக்கும் குடிக்குது" என்றார் மீரான்.

"ஓட்டுகவன் மனுசன்தானே. ஒனக்கு ஓய்வு வேண்டாமா?"

"நான் வெள்ளிக்கிழமைக்காரன். என்னப் பத்திக் கவலைப்படாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். கல்லுக்கு அந்தால பாவம் இல்ல, இந்தால பாவமா?"

டீக்கன் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீ நிறுத்துவியா மாட்டியா, அதச் சொல்லு" என்றார். மீரான் நிறுத்தினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் மைல்கல்லடியில் நிற்கும், சபையார் இறங்குவார்கள், காலியான பஸ் அவர்களைத் தாண்டிக் கோயில் வாசல் வழியாகவே கொட்டாரத்துக்குப் போகும். நடந்துபோகிறவர்கள்மேல் புழுதி படாமல் மீரான் மெதுவாக ஓட்டுவார்.

இப்போது நீ அறியாத பகுதிக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ வாசித்துவிட்டு இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

நான் வந்த வீடு எப்படிப்பட்டது என்று உனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கும். பெரியப்பாமார், அத்தைமார், அவர்கள் பிள்ளைகள், நம் கோட்டாற்று மண்டியிலிருந்து எந்நேரமும் நெல் விஷயமாக வரும் ஆட்கள். அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வழக்கமில்லை. வேண்டியதைக் கேட்பது, கொடுப்பது, அவ்வளவுதான். இரவில் பேசினால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவார்கள். அப்பா பள்ளிக்கூடப் படிப்போடு மண்டிக்குப் போனவர். பி.ஏ. படித்த பெண்ணை எதற்காகக் கட்டினார் என்று ஊரே கேட்டது. நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன். கல்யாணமாகிச் சில மாதங்கள் வரை அவர் என்ன நினைக்கிற மனிதர் என்றே எனக்குத் தெரியாது.

ஞாயிறு நடையிலும் ஆண்கள் முன்னே போவார்கள், பெண்கள் பின்னே. ஓர் ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று உனக்குத் தெரியும். அன்று சாரலும் சேர்ந்திருந்தது. கல்லைத் தாண்டியதும் என் குடை மேலே திரும்பிக் கம்பி ஒடிந்துவிட்டது. அப்பா முன்னாலிருந்து திரும்பி வந்தார். தன் குடையை என் கையில் கொடுத்தார், ஒடிந்ததை வாங்கிக்கொண்டார். அதோடு ஆண்கள் கூட்டத்துக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒடிந்த குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "மெட்ராஸ்ல காத்து இப்பிடி அடிக்குமா?" என்று கேட்டார். அதுதான் எங்கள் முதல் பேச்சு என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

அடுத்த ஞாயிறு காற்று இல்லை, குடையும் ஒடியவில்லை, ஆனாலும் அவர் பின்தங்கினார். அதற்கடுத்த வாரமும். ஊர் பேசிற்று. "படிச்ச பொம்பள மூக்கணாங்கயிறு போட்டாச்சி" என்று உன் பெரிய அத்தை என் காதுபடவே சொன்னாள். பிறகு பேசிப் பேசி அவர்களுக்கே அலுத்துவிட்டது. கூட்டத்தின் கடைசியில் நாங்கள் இருவரும் வருவது எல்லோருக்கும் பழகிப்போயிற்று. வாரம் முழுவதும் பேசாததை அந்த அரை நாழிகையில் பேசினோம். நான் வேலைக்குப் போவது அந்த ரோட்டில்தான் முடிவாயிற்று. உன் தங்கை காய்ச்சலில் இறந்த வருஷம், அழுவதற்கு எங்களுக்கு வேறு இடமில்லாததால், அங்கேதான் அழுதோம். கோயில் வாசலில் அவர் ஆண்கள் பக்கம் போவார், நான் பெண்கள் பக்கம் போவேன். திரும்பும்போது எல்லோரும் கலந்து கசகசவென்று வருவோம்.

ஓர் ஐப்பசியில் குளம் உடைந்து ரோடு முழுகியபோது அந்தக் கல்லின் உண்மையான கதை எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம், கோயிலை நோக்கி, ரோடு பள்ளத்தில் இறங்குகிறது. இரண்டு புறமும் வயல். மண் கொட்டி மேடாக்குவதற்கு முன்னால் மழைக்காலத்தில் எந்த வண்டியும் அதில் போயிருக்க முடியாது, அச்சு வரை புதைந்திருக்கும். ஆகவே ஐயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஜனங்கள் கல்லடியில் இறங்கித்தான் ஆக வேண்டும். சேற்றுக்குப் பயந்து இறங்கியதை ரோடு மேடான பிறகு பக்தி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை, ஊகம்தான். ஆனால் நல்ல ஊகம். பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்படியா என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்.

"அப்ப அந்தச் சேத்துக்குல்லா நாம தோத்திரம் சொல்லணும்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கோயிலில் உட்கார்ந்து முதல் பாட்டு பாடும்போது விளங்கியது. அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை.

நீ சென்னைக்குப் படிக்கப் போன பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கிலீஷிலேயே, ஒளிக்காமல் சொன்னார். படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நடையைக் குறைக்க வேண்டும். மண்டிக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த வாரம் நான் ஞானமுத்து டீக்கன் வீட்டுக்குப் போனேன். சபையிடம் நான் எதையும் கேட்டதில்லை. கோயிலுக்கு நான் வருவதே ஊருக்காகத்தான் என்று அவர் நினைத்திருந்தார்; அது முழுக்கத் தப்புமல்ல. அப்பாவைப் பஸ்ஸில் கோயில் வாசல் வரை வர அனுமதிக்க வேண்டும் என்றேன். அவர் தன் வழக்கப்படி சிரிக்காமல், "டீச்சரம்மா, நீங்க வந்து கேப்பியன்னு நான் நினைக்கல்ல" என்றார். ஆனால் அந்த வாரமே டீக்கன்மாரைக் கூட்டிச் சம்மதம் வாங்கி, தானே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்லைத் தாண்டி வண்டியில் போகச் சபை ஒருவருக்கு அனுமதி கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஆகவே சபை அப்பாவை நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது என்று நீ நினைத்திருந்தால் அது சரியல்ல.

அந்த ஞாயிறு பஸ் கல்லடியில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். சம்மதம் நோயாளிக்குத்தான்; கூட வருகிறவளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் இறங்கினேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்துக்கொண்டு போனார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் பெண்கள் கூட்டத்தில் நடந்தேன். மரச்சீனிக் கிழங்கு நட்டதைப் பற்றியும் யாரோ ஒருத்தியின் வளைகாப்பைப் பற்றியும் பேசினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கோயில் மதிலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"இண்ணைக்கு என்ன பேசிட்டு வந்த?" என்று கேட்டார்.

"யாருட்டப் பேச?" என்றேன்.

அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பஸ் நின்றதும் முதலில் இறங்கியது அவர்தான். மீரான் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சபை சொல்லியாச்சில்லா?" என்றார். "சபை சொல்லிச்சி. நான் கேக்கல்ல" என்றார் அப்பா. மீரான் பஸ்ஸை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். எல்லோரும் கொஞ்சம் முன்னால் போய்விட்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதைத் தமிழில் ஒன்றுவிடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். அதுவரை பாதியை மறைத்து வைத்திருந்தேன். அவர் கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இதெல்லாம் வீட்டுல வச்சுப் பேசலாம். ஏறுங்க" என்றேன்.

"வீட்டுல பேசினா அரிசியும் உப்பும்தான் வரும், பிள்ள. இத்தற வருசம் பாத்தாச்சில்லா" என்றார். பிறகு, "கட்டில்ல கிடந்தா நாள் கூடும். நான் இல்லங்கல்ல. ஆனா எனக்கு நடக்கணும். நீ ஏறச் சொன்னா ஏறுகேன். நீதான் சொல்லணும்" என்றார்.

மகனே, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் என் கையில் கொடுத்தார். ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏறியிருப்பார். சொன்னதைச் செய்கிற மனிதர். நான் மீரானைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தேன். பஸ் போனது. நாங்கள் நடந்தோம்.

மிக மெதுவாக நடந்தோம். பள்ளத்தில் இருக்கிற ரோட்டுக் கலுங்கின் கட்டையில் உட்காருவோம். வாய்க்கால் தண்ணீர் அடியில் போகும். மருத்துவாழ்மலை மேல் மேகம் வந்து நிற்பதைப் பார்ப்போம். மூச்சு சரியானதும் எழுந்து நடப்போம். கோயில் மணி அடித்து ஓய்ந்துவிடும். நாங்கள் போய்ச் சேரும்போது பிரசங்கம் பாதி முடிந்திருக்கும். ஆளுக்கொரு கடைசி பெஞ்சில் உட்காருவோம். போதகர் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வார். அந்த ஞாயிறுகள் ஒரு வருஷத்துக்கு மேல் கிடைத்தன. உன் பரீட்சையைப் பற்றிப் பேசினோம், மண்டியை யாரிடம் விடுவது என்று பேசினோம். ஒரு நாள் கலுங்கில் உட்கார்ந்திருக்கும்போது, செத்த பிறகு ஏதாவது உண்டு என்று நான் நம்புகிறேனா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியல்ல" என்றார். "டீக்கன்ட்டச் சொல்லிராத."

ஊரில் பக்திமான் என்று பெயர் எடுத்தவர். அத்தனை வருஷமும் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, அன்று கோயிலுக்குப் போகவே இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்து ஜனங்கள் திரும்பி வரும்போது அவர்களோடு சேர்ந்து வந்துவிட்டோம்.

அவர் இறந்தது ரோட்டில் அல்ல. ஒரு புதன்கிழமை மத்தியானம், மண்டியில், சாய்வு நாற்காலியில். நடந்ததால் நாள் குறைந்ததா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். குறைந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எத்தனை நாள், எத்தனை மாதம் என்று இரவில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் உண்டு. மனதைத் தேற்றிக்கொள்ள எனக்கு வசனங்கள் உதவுவதில்லை. ஆனால் அந்த ஞாயிறு திரும்ப வந்து, அவர் அதே இடத்தில் கையூன்றி நின்று கேட்டால், நான் வேறு விதமாகச் சொல்வேனா என்றும் கேட்டுப் பார்த்தேன். சொல்லமாட்டேன். இதற்காக நீ என்னோடு கோபித்துக்கொள்ளலாம். உனக்கு அப்பாவோடு இருக்க வேண்டிய நாட்களிலிருந்துதான் நான் அந்த ஞாயிறுகளை அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கோபம் என்மேல் இருக்கட்டும், கல்லின்மேல் வேண்டாம்.

ஆகவே கல்லைப் பிடுங்கு. சர்க்கார் வேலை அது, செய்யத்தான் வேண்டும். ரோடு நேராவது நல்லது; வளைவில் எத்தனை வண்டி குடை சாய்ந்திருக்கிறது. டீக்கன்மார் புதுக் கல்லை எங்கே நடுகிறீர்கள் என்று பார்த்து அங்கிருந்து நடந்துகொள்வார்கள், அல்லது நடக்காமல் விடுவார்கள். ஆனால் கடப்பாரையைக் கூலிக்காரர்களிடம் கொடு. அவர்களுக்கு அந்தக் கல்லோடு விரோதம் கிடையாது; உடைக்காமல் எடுப்பார்கள்.

உன் கல்யாணத்துக்கு என்று தனியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கூடாரமும் குவார்ட்டர்ஸுமாக நீங்கள் இருவர் மட்டும் இருக்கப்போகிறீர்கள்; எங்களுக்கு இருந்த நெருக்கடி உங்களுக்கு இருக்காது, பலகைச் சுவருக்கு அப்பால் யாரும் இருமமாட்டார்கள். நாள் முழுவதும் பேசலாம் என்று தோன்றும். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அரிசியும் உப்பும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வாரத்தில் ஒரு தடவையாவது வண்டியை விட்டு இறங்கி அவளோடு நட. எங்கே இறங்குவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும். அடக்கம் முடிந்து நீ சென்னைக்கு ரயிலேறிய பிறகு வந்த ஞாயிறு, நான் கோயிலுக்குப் புறப்பட்டேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். பஸ் கல்லடியில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். மீரான் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "டீச்சரம்மா, கல்லு வந்தாச்சி" என்றார்.

"தெரியும். நீங்க போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. கீழே பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரும் சம்மதம் கொடுத்திருக்கவில்லை. நான் நோயாளியும் அல்ல. ஞானமுத்து டீக்கன் குடையை இடுக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, கண்டக்டர் தட்டுவதுபோல, பஸ்ஸின் தகரத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். மீரான் பஸ்ஸை எடுத்தார்.

அம்மா